தெருவும் வாசலும்

மழை பெய்யவில்லையே என்று வானத்தை நோக்கி ஏங்குவதும், மழை பெய்துவிட்டதே என்று தெருவை நோக்கி அஞ்சுவதும் சென்னை மக்களுக்குப் பழகிப்போனவை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டு போயின. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் ஏற்றி வந்து நகருக்கு வழங்கினர். அன்று ஒரு குடம் நீருக்காகத் தெருவில் வரிசையாக நின்ற நாங்களே, நான்கு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், வாசலில் வந்து நின்ற நீரை எவ்வாறு வெளியேற்றுவது என்று அறியாமல் திகைத்தோம். அழைத்தபோது வாராத விருந்தினர், அழையாதபோது சுற்றம் சூழ வந்து திண்ணையில் அமர்ந்தது போல இருந்தது அது. அந்நாள்களில் நான் செய்த பிழை ஒன்றையும், அப்பிழையினால் நான் கற்ற பாடத்தையும் இங்கே எழுதப் புகுகின்றேன்.

எங்கள் ஊர் திருவல்லிக்கேணி. அல்லி மலர் நிறைந்த கேணி ஒன்றின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று என்பர். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலின் முன்னுள்ள திருக்குளமே அக்கேணி. கைரவம் என்னும் வடசொல்லுக்கும் அல்லி என்பதே பொருள். ஆதலின் அதனைக் கைரவிணி என்றும் வழங்குவர். கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் பழமையானவை, குறுகியவை. வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். கிழக்கே சிறிது தூரம் நடந்தால் பக்கிங்காம் கால்வாய். அதனைக் கடந்து சென்றால் கடல். வடக்கே சேப்பாக்கத்திற்கு அப்பால் கூவம் ஆறு கடலோடு கலக்கின்றது.

ஊரைச் சுற்றி இத்தனை நீர்வழிகள் இருக்கும்போது தெருவில் நீர் தேங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். சென்னை பெரும்பாலும் சமநிலம். கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரமே உடையது. தெருவில் விழும் நீர் வடிகாலில் இறங்கி, கால்வாயையோ ஆற்றையோ அடைந்து, முகத்துவாரத்தின் வழியே கடலிற் சேர வேண்டும். புயற்காலத்தில் கடல் பொங்கி நிற்கும். முகத்துவாரத்தில் மணலும் குவியும். கடல் ஏற்காத நீரை ஆறு ஏற்பதில்லை. ஆறு ஏற்காததை வடிகால் ஏற்பதில்லை. வடிகால் ஏற்காத நீர் நம் வாசலில் வந்து நிற்கின்றது. கடைசி வாயில் அடைபட்டால் முதல் வாசல் வரையில் அதன் துன்பம் வந்து சேரும்.

நீரின் அளவையும் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லிட்டர் நீராகும். நூறு சதுர மீட்டர் பரப்புள்ள மனையில் இருபது சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த ஒரு மனையில் மட்டும் 20,000 லிட்டர் நீர் விழுகின்றது. நாற்பது வீடுகள் உள்ள தெருவில் அது எட்டு லட்சம் லிட்டராகப் பெருகும். முற்காலத்தில் வீட்டின் பின்கட்டில் கிணறும் தோட்டமும் இருந்தன; வாசலில் மண்தரை இருந்தது. மண் தன்னால் இயன்ற அளவு நீரைக் குடித்துக்கொண்டது. இன்று வாசல் முதல் கொல்லை வரையில் சிமெண்டுத் தளம் இட்டுவிட்டோம். மழைநீரை நிலத்தினுள் இறக்கும் அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருத்தல் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு சட்டம் செய்தது. அவ்வமைப்பைப் பேணாமல் குழாயை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் பல. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனி நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். 2023 டிசம்பர் 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் என்னும் புயல் வங்கக் கடலில் சென்னைக்கு அருகே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மாலையிலேயே வானம் இருண்டது. இரவு முழுவதும் மழை ஓயவில்லை. ஓட்டின்மீதும் தகரத்தின்மீதும் விழுந்த நீரின் ஓசையில், வீட்டினுள் இருவர் பேசுவதும் கேட்கவில்லை. நள்ளிரவுக்கு முன்னரே மின்விளக்குகள் அணைந்துவிட்டன. நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தபோது, நீர் முதற்படியை மூடி இரண்டாம் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டின் கூடத்தில் தாழ்வான அலமாரி ஒன்று உண்டு. என் ஆசிரியர் எனக்கு அளித்த பழைய இலக்கண உரைநூல்கள் அதில் இருந்தன. அவற்றின் ஓரங்களில் அவர் தம் கையால் எழுதிய குறிப்புகள் வேறெங்கும் கிடைக்க மாட்டா. வீட்டினுள் நீர் புகுந்தால் அவை என்னாகும் என்ற எண்ணம் ஒன்றே என் நெஞ்சில் நின்றது. தெருமுனையில் புதிய வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தனர். அங்கே மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வீட்டுக்காரரிடம் அலைபேசியில் இசைவு பெற்று, என் பேரனையும் உடன் அழைத்துக்கொண்டு, இருபது மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தேன். வாசலுக்கு முன்னே பாதிச் சாலை வரையில் அவற்றை வளைவாக அடுக்கினோம். பக்கத்துச் சந்தின் வாயையும் அடைத்தோம். விடியும்போது எங்கள் படிகளில் நீர் இறங்கியிருந்தது. முதுமையிலும் இவ்வளவு செய்ய முடிந்ததே என்று நான் பெருமிதம் கொண்டேன். பேரனுக்கு, வருமுன் காத்தல் பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் நிகழ்த்தினேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சிறிய வீட்டில், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் தம் பேத்தியோடு வாழ்ந்து வருகின்றார். சாலையைச் செப்பனிடுந்தோறும் பழைய தளத்தின்மேலேயே புதிய தளம் இட்டு வந்தமையால், தெரு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து வந்தது. ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த அவ்வீட்டிற்கு இப்போது ஒரு படி இறங்கிச் செல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் நான் திண்ணையில் நின்று பார்த்தபோது, அவர் வாசற்படியில் அமர்ந்து, ஓர் அலுமினியக் குண்டானால் வீட்டினுள்ளிருந்து நீரை முகந்து முகந்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊற்றிய நீர் ஒரு கணமும் வெளியில் நில்லாமல் மீண்டும் உள்ளே சென்றது. பேத்தி தன் பள்ளிப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு கட்டிலின்மேல் நின்றாள்.

அவர் என்னைக் கண்டார். "ஐயா, உங்கள் வீட்டுப் பக்கம் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறதே! நல்ல வேளை. நீங்களாவது நன்றாயிருங்கள்" என்றார்.

அவர் சொல்லில் குத்தல் சிறிதும் இல்லை. அவர் அவ்வாறு பேசுபவரும் அல்லர். ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது. நான் தெருவைக் கூர்ந்து நோக்கினேன். மேற்கிலிருந்து வந்த நீர் என் மணல் மூட்டைகளில் மோதி, திரும்பி, நேரே அவர் வாசலுக்குச் சென்றுகொண்டிருந்தது. சந்தின் வழியே வடிய வேண்டிய நீரும் நான் இட்ட அடைப்பினால் வழியின்றி அப்பக்கமே பாய்ந்தது. இரவு முழுவதும் நான் அரும்பாடுபட்டுச் செய்தது நீரை வெளியேற்றும் செயல் அன்று. என் வீட்டு நீரை அவர் வீட்டுக்கு அனுப்பும் செயலே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்திற்குப் பொருள் சொல்லியவன் நான். அதன் பொருள் எனக்கே விளங்கவில்லை என்பதை ஒரு குண்டான் நீர் எடுத்துக் காட்டிவிட்டது.

என் அருகில் நின்ற பேரன், "தாத்தா, நாம்தானே இப்படிச் செய்தோம்?" என்று மெல்லக் கேட்டான். "ஆம்" என்று கூறுவதைத் தவிர எனக்கு வேறு விடை இல்லை.

முதலில் நூல்களை எடுத்துப் பரண்மேல் வைத்தோம். அதற்குக் கால்மணி நேரங்கூட ஆகவில்லை. இரவிலேயே இதைச் செய்திருந்தால் மூட்டைகளே வேண்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றிற்று. அச்சம் மிகுந்தபோது எளிய வழி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பின்னர் மூட்டைகளை அகற்றினோம். சந்தின் வாய் திறந்ததும் நீர் இரைச்சலோடு அவ்வழியே பாய்ந்தது. ஒரு பகுதி எங்கள் நடையிலும் கூடத்திலும் கணுக்கால் அளவு புகுந்தது. எதிர் வீட்டில் நீரின் உயரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. நான் அங்கே சென்று, "அம்மா, தவறு என்னுடையது. நான் வைத்த மூட்டைகளால்தான் உங்கள் வீட்டில் இவ்வளவு நீர் புகுந்தது. நீங்கள் இருவரும் எங்கள் மாடிக்கு வந்து தங்க வேண்டும்" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "மழைக்கு யார் என்ன செய்ய முடியும், ஐயா? முதலில் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள், அவளுக்குப் பசிக்கும்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதற்குள் தெருவில் ஒருவர் பின் ஒருவராகப் பலர் இறங்கி வந்தனர். எதிர்வரிசையில் தையற்கடை வைத்திருக்கும் முதியவரை நாங்கள் அனைவரும் பாய் என்றே அழைப்போம். அவர் நீண்ட மூங்கிற்கழி ஒன்றோடு வந்தார். இளைஞர் சிலர் நீரில் வேகமாக நடக்கத் தொடங்கியபோது, "பொறுங்கள், தம்பிகளே! கழியால் தரையைத் தொட்டுப் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும்" என்று அவர் தடுத்தார். பாதாளச் சாக்கடைக் குழியின் மூடி ஒன்று நீரின் வேகத்தில் நகர்ந்திருந்தது. மேலே நீர் அமைதியாக இருந்தமையால் குழி கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் அருகே ஒரு கழியை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டினோம். மின்பெட்டி இருந்த மூலைக்கு ஒருவரும் செல்லக்கூடாது என்று ஒருவரை நிறுத்திக் காவல் வைத்தோம். வெள்ளத்தில் இறங்குவோர் முதலில் கற்க வேண்டியவை இவ்விரண்டுமே. கழிவுநீர்க் குழியை நாமே திறப்பதும் அதனுள் இறங்குவதும் உயிருக்கு இறுதி செய்வன. அவற்றை ஒருவரும் செய்தல் ஆகாது.

தெருவின் ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்குச் செல்லும் வாய்கள் நான்கு உண்டு. அவற்றின்மேல் இரும்புச் சல்லடை பொருத்தியிருப்பார்கள். அவை எங்கே இருக்கின்றன என்பது எங்களுள் பலருக்கு அன்று வரையில் தெரியாது. பாய்தான் இடத்தைக் காட்டினார். மரத் துடைப்பத்தாலும் அலக்காலும் சல்லடையின்மேல் இருந்தவற்றை இழுத்து எடுத்தோம். என்ன என்ன வந்தன என்று எண்ணுகின்றீர்கள்? பிளாஸ்டிக் பைகள், தேநீர்க் குவளைகள், தேங்காய் நார், வாழை இலை, வாடிய பூமாலைகள், பழந்துணிகள், கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டுக் கட்டிகள். அவற்றுள் நானே ஒரு நாள் தெருவோரத்தில் எறிந்த பழைய நாள்காட்டி அட்டையும் இருந்தது. நான்காவது வாயைத் திறந்ததும் நீர் சுழித்து உள்ளே இறங்கிற்று. தெருவில் நின்ற சிறுவர்கள் கைகொட்டி ஆர்த்தனர்.

ஆயினும் வெள்ளம் உடனே வடிந்துவிடவில்லை. அன்று முழுவதும் மழை பெய்தது. இரண்டு நாள்களில் நகரின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. புயல் வடக்கே சென்று, 5ஆம் நாள் ஆந்திர நாட்டில் பாபட்லாவின் அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னரே எங்கள் தெருவின் தரை எங்கள் கண்ணில் பட்டது.

நீர் போனதும் துன்பம் போயிற்று என்று நினைத்தோம். அது தவறு. வெள்ளம் வடிந்த இடத்தில் நான்கு விரற்கடை உயரத்திற்குச் சேறு நின்றது. கருமையும் நாற்றமும் உடைய அச்சேறு வாசலிலும் கூடத்திலும் படிந்து, ஒரு நாள் வெயில் பட்டவுடன் ஓடுபோல் இறுகத் தொடங்கிற்று. அதனை ஈரம் உலருமுன்னரே அகற்றிவிடல் வேண்டும். நாங்கள் மண்வெட்டியால் வாரி வடிகாலின் ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தோம். அவ்வழியே மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஐவர் வந்தனர். அவர்கள் இரண்டு இரவுகளாக உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருள் நடுவயதுப் பெண்மணி ஒருவர் எங்கள் குவியலைக் கண்டு நின்றார்.

"பெரியவரே, சேற்றைக் கால்வாய் ஓரத்தில் போடாதீர்கள். அடுத்த மழையில் அது அப்படியே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கோணியில் அள்ளித் தெருமுனைக்குக் கொண்டுவந்து வையுங்கள். வண்டி வந்து எடுத்துச் செல்லும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்" என்றார்.

மணல் மூட்டையில் நான் செய்த பிழையும் சேற்றுக் குவியலில் நாங்கள் அனைவரும் செய்த பிழையும் ஒன்றே என்பதை அவர் சொல் உணர்த்திற்று. முன்னது என் துன்பத்தை எதிர் வீட்டிற்குத் தள்ளியது; பின்னது இன்றைய துன்பத்தை நாளைக்குத் தள்ளியது. இரண்டிலும் துன்பம் இடம் மாறிற்றேயன்றி நீங்கவில்லை. நாங்கள் சேற்றைக் கோணிகளில் கட்டினோம். கயிற்றைப் பிடித்து இருவர் இருவராகச் சுமந்தோம். மூதாட்டியின் வீட்டையே முதலில் தூய்மை செய்வது என்று பாய் கூறினார், ஒருவரும் மறுக்கவில்லை. சுவரைக் கழுவி, பிளீச்சிங் பொடி தூவி, நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று வீடுதோறும் சொல்லி முடிக்க மூன்று நாள்கள் ஆயின. நனைந்த பாடநூல்களை அச்சிறுமி எங்கள் மாடியில் ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தினாள். என் ஆசிரியரின் நூல்கள் நனையாமல் பரண்மேல் இருந்தன. இரண்டையும் ஒருசேரக் காணும்போது எனக்கு நாணமாக இருந்தது.

அவ்வாரக் கடைசியில், என்னிடம் பயின்று இப்போது கனடா நாட்டு டொராண்டோ மாநகரில் வாழும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் நலம் வினவினார். அந்நகரில் ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற தமிழர் மிகப் பலர் வாழ்கின்றனர். நான் நிகழ்ந்ததைச் சொன்னபோது, "ஐயா, எங்களுக்கு இங்கே பனி. உங்களுக்கு அங்கே மழை. வேலை ஒன்றுதான்" என்று கூறி, தம் தெருவின் வழக்கத்தை விளக்கினார்.

பனியைப் பற்றித் திருவல்லிக்கேணி ஒன்றும் அறியாத ஊர் அன்று. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் வட்டவடிவக் கட்டடம், 1842ஆம் ஆண்டளவில் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்கென்றே கட்டப்பெற்றது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த நீரை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து விற்றனர். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றும் மக்கள் வாயில் வழங்குகின்றது. ஆனால் நாம் கண்டது விலைகொடுத்து வாங்கிய பனி. வானத்திலிருந்து விழுந்து வாசலை மூடும் பனியை நாம் கண்டதில்லை.

டொராண்டோவில் குளிர்காலத்து இரவில் பனி பெய்தால், விடியற்காலையில் வீட்டுக்கு ஒருவர் அகன்ற மண்வெட்டி போன்ற கருவியோடு வெளியே வருவாராம். தம் வீட்டின் முன்னுள்ள பாதையில் கிடக்கும் பனியை வாரித் தம் புல்தரையிலேயே குவிக்க வேண்டும். சாலையில் எறிவதும், பக்கத்து வீட்டார் எல்லையில் தள்ளுவதும் முறையல்ல. பிறகு வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவர். சாலையைத் துப்புரவாக்கும் பெரிய பொறிவண்டி வந்து போனால், அது ஒதுக்கிய பனி மீண்டும் வாசலில் வரப்புப்போல் நிற்கும். சலிப்படையாமல் அதையும் அகற்ற வேண்டும். முதியோர் வீடுகளின் முன்னே உள்ள பனியை அண்டை வீட்டு இளைஞர் கேளாமலே அகற்றுவதும் உண்டாம். 1999ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அளவுக்கு மீறிப் பனி பெய்தபோது, அந்நகரத்து மேயர் படைவீரரையே உதவிக்கு அழைத்தார். ஊர்ப்பணியாளரும் படைவீரரும் பெருஞ்சாலைகளில் பாடுபடும்போதும், வாசலைப் பார்க்க வேண்டியவர் வீட்டாரே.

பனிக்கும் மழைநீருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பனி விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதை எடுத்துப் பக்கத்து வீட்டில் போட்டவன் இன்னான் என்று அனைவரும் காண்பர். நீரோ ஓடும் பொருள். நான் அடைத்தால் அது தானே பக்கத்து வீட்டைத் தேடிச் செல்லும். அனுப்பியவன் யார் என்று ஒருவரும் அறியார். சில வேளை அனுப்பியவனே அறியான். ஆகவே பனி பெய்யும் ஊரைவிட மழை பெய்யும் ஊரிலேதான் மக்கள் ஒருவரை ஒருவர் நினைத்து நடக்க வேண்டிய தேவை மிகுதி.

கூடிச் செய்யும் பழக்கம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1904ஆம் ஆண்டிலேயே, சிறுதொகைகளைச் சேர்த்து நியாய விலையில் பண்டங்களை விற்கும் நகரக் கூட்டுறவுச் சங்கத்தை இவ்வூரார் தொடங்கினர். அதுவே நாட்டுக்கு வழிகாட்டியாய் அமைந்த பழைய சங்கங்களுள் ஒன்று. அரிசியும் பருப்பும் வாங்குவதில் கூடியவர் வழித்தோன்றல்களாகிய நாம், தெருவில் விழும் நீரை அகற்றுவதில் கூடலாகாதா?

எங்கள் ஊர் ஓரத்துப் பக்கிங்காம் கால்வாயின் வரலாறும் நினைக்கத்தக்கது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி, தாது ஆண்டுப் பஞ்சம் எனப்படும் கொடிய பஞ்சத்தின்போது, 1877-78ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்றது. பஞ்சத்தில் அடிபட்டோர்க்குப் பிழைப்பளிக்கும் பொருட்டு அவ்வேலையைத் தொடங்கினர். பசித்த வயிற்றோடு மண் சுமந்தோர் வெட்டித் தந்த நீர்வழி அது. இன்று அதன்மேல் பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. அதன் நடுவே குப்பையும் கழிவும் நிற்கின்றன. தூண்களை நாம் பெயர்க்க முடியாது. குப்பையை இடாமல் இருக்க முடியும்.

2024ஆம் ஆண்டில் புரட்டாசித் திங்கள் முடியுமுன்னர், எங்கள் தெருவார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். வடிகால் வாய்கள் நான்கின் இடத்தையும் பக்கத்துச் சுவரில் வண்ணத்தால் குறித்தோம். சல்லடைகளைத் தூய்மை செய்தோம். வடிகாலின் உள்ளே படிந்த மண்ணை எடுக்க வேண்டும் என்று மாநகராட்சிக்கு அனைவரும் கையெழுத்திட்டு விண்ணப்பம் எழுதினோம். அதை எழுதும் பணி பண்டிதன் என்ற முறையில் எனக்கு வந்தது. அவரவர் வீட்டு மழைநீர்க் குழியைத் திறந்து, படிந்த மணலை மாற்றிப் புதிய சரளைக்கல் இட்டோம். மூதாட்டியின் வாசலில் உயரமான கற்படி ஒன்றை அனைவர் செலவிலும் கட்டினோம். நீர் நேரே நுழையாமல் வடிகாலின் பக்கம் திரும்பும்படி கொத்தனார் அதைச் சாய்வாக அமைத்தார். எந்த வீட்டுப் பக்கம் அது திரும்புகிறது என்று இம்முறை இருமுறை நீர் ஊற்றிப் பார்த்த பின்னரே நான் தலையசைத்தேன்.

அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, சென்னையிலும் பெருமழை பெய்தது. எங்கள் தெருவில் அன்றும் நீர் நின்றது. ஆனால் எந்த வீட்டினுள்ளும் புகவில்லை, மாலைக்குள் வடிந்தும்விட்டது. இதனால் வெள்ளத்தை வென்றுவிட்டோம் என்று நான் கூறவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெய்தது போன்ற பெருமழைக்கு முன்னே ஒரு தெருவின் துடைப்பம் என் செய்யும்? ஆறுகளும் ஏரிகளும் முகத்துவாரங்களும் செம்மையுற வேண்டும். அவை அரசும் அறிஞரும் செய்ய வேண்டிய பெரும்பணிகள். ஆயினும் பெரும்பணி நிறைவேறும் வரையில் சிறுபணியைச் செய்யாதிருத்தல் நமக்கு அழகன்று.

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவில் வடிகாலின் வாய் எங்கே இருக்கின்றது என்று இன்று மாலை வீடு திரும்பும்போது பாருங்கள். அதன் எதிரே உள்ள தாழ்ந்த வீடு எது, அதில் இருப்பவர் யாவர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மழை வரும்போது உங்கள் வாசலைக் காத்துக்கொள்ளுங்கள், அது குற்றமன்று. ஆனால் நீங்கள் தடுத்த நீர் எங்கே செல்கின்றது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்க மறவாதீர்கள். நான் அன்றிரவு திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் மாடியில் உலர்ந்த அந்தப் பாடநூல்களின் கறை, அச்சிறுமி அவற்றைப் பிரிக்குந்தோறும் அதை எனக்கு நினைவூட்டுகின்றது.